பீரோவைப் பார்த்து வாங்கிய பங்கு

2021 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீரோவில் இருந்த துணி முழுவதையும் எடுத்துக் கட்டிலில் போட்டேன். குன்னூரில் மழை ஓய்ந்ததும் எல்லார் வீட்டிலும் நடக்கிற வேலைதான். ஈரவாடை ஏறின துணிகளை வெயிலில் காயவைத்து, அந்துருண்டை மாற்றி, திரும்ப மடித்து வைப்போம். மடிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. அந்த வருடம் நான், வீட்டுக்காரர், மகள் மூன்று பேரும் வாங்கியிருந்த துணி மொத்தம் 24. அதில் 17-இல் ஒரே கடையின் சீட்டுதான் கழுத்துப் பக்கம் தைத்திருந்தது.

கோவையில் இருக்கிற, நாடு முழுவதும் கிளைகள் உள்ள ஒரு துணிக்கடை அது. பெயர் இங்கே வேண்டாம். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன்பு, கைபேசியில் அந்த நிறுவனத்தின் பங்கு 150 வாங்கினேன். ஒன்று 412 ரூபாய், மொத்தம் 61,800. முந்தைய மாதம் எடுத்த சீட்டுப் பணம் அது.

ஆண்டறிக்கை பார்க்கவில்லை, காலாண்டு முடிவு பார்க்கவில்லை. பீரோவைப் பார்த்தேன், வாங்கினேன். இரண்டு வருடம் இரண்டு மாதம் கழித்து 290 ரூபாய்க்கு விற்றேன். கைக்கு வந்தது 43,500. போனது 18,300.

எங்களைப் போல மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர் இப்போது பங்குகளை வாங்கி வைக்க உதவும் டீமேட் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். தினமும் பயன்படுத்துகிற பொருள், அடிக்கடி போகிற கடை என்று நம்பித்தான் முதல் பங்கை வாங்குகிறார்கள். அதனால் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அந்தக் கடை மேல் எனக்கு ஏன் அவ்வளவு பிடிப்பு என்பதைச் சொல்ல வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் இலங்கையிலிருந்து திரும்பியவர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கு மறுவாழ்வு கொடுக்க அரசு உண்டாக்கிய டேன்டீ தேயிலைத் தோட்டத்தில், பந்தலூர் பக்கம் கொழுந்து பறித்தார்கள். எங்களுக்குத் துணி என்றால் தீபாவளி போனஸ்தான். வருடத்தில் ஒரு நாள் கூடலூர் பஜாருக்குப் போவோம். கடைக்காரர் அம்மாவை ஒரு பார்வை பார்ப்பார். "எடுக்கிறதா இருந்தா சொல்லும்மா, பிரிச்சுக் காட்டுறேன்" என்பார். எடுக்காமல் எழுந்து வர முடியாது. அம்மா விலையைக் கேட்பதற்கு முன்பே குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

கோவைக் கடையில் அப்படி யாரும் நிற்கவில்லை. எல்லாம் ஹேங்கரில் தொங்கியது, விலை அட்டையிலேயே இருந்தது. பத்து உருப்படியை டிரையல் ரூமுக்குள் எடுத்துப் போய் ஒன்பதைத் திருப்பிக் கொடுத்தாலும் முகம் சுளிக்கவில்லை. என் மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம், முதல் தடவையாக ஒரு கடையில் என் விருப்பத்துக்கு நின்று நிதானமாகத் துணி எடுத்தேன். அந்தக் கடைக்கு நான் பட்டிருந்தது நன்றி. அந்த நன்றியைக் கொண்டுபோய்ப் பங்குச் சந்தையில் போட்டேன்.

இதற்குத் துணையாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பீட்டர் லிஞ்ச் பற்றி எங்கேயோ பாதி படித்திருந்தேன். 1977 முதல் 1990 வரை அமெரிக்காவில், பலரின் பணத்தைத் திரட்டிப் பங்குகளில் போடுகிற மெஜெல்லன் என்ற ஃபண்டை நடத்தி, ஆண்டுக்கு ஏறக்குறைய 29 சதவீத வருமானம் கொடுத்தவர். அவருடைய மனைவி கேரலின் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வந்த லெக்ஸ் என்ற காலுறையைப் பார்த்துத்தான், அதைத் தயாரித்த ஹேன்ஸ் நிறுவனத்தின் பக்கம் அவர் கவனம் போனது. இது வரைக்கும்தான் நான் படித்த பாதி. மனைவி வாங்கிய பொருள், கணவர் வாங்கிய பங்கு, பெரிய லாபம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மீதிப் பாதியை நஷ்டத்துக்குப் பிறகு படித்தேன். காலுறை அவருக்கு ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தது, அவ்வளவுதான். அப்புறம் நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தார். போட்டிக்கு வேறொரு காலுறை வந்தபோது, அதில் நிறைய ஜோடிகளை வாங்கித் தன் அலுவலகத்தில் இருப்பவர்களிடம் கொடுத்து, வீட்டில் போட்டுப் பார்த்து எப்படி இருக்கிறதென்று சொல்லச் சொன்னார். தன் வீட்டு அனுபவத்தையே அவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். நான் என் பீரோவைத் தவிர வேறு எந்த பீரோவையும் பார்க்கவில்லை.

என் கண் எங்கே தவறியது என்று யோசித்தால், முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பேருந்துப் பயணம். குன்னூரில் ஏறும்போது ஸ்வெட்டர், தலையில் ஸ்கார்ஃப். பர்லியாறு தாண்டும்போது ஜன்னலைத் திறப்போம். மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வோம். கடைக்குள் போனதும் எங்கள் கால் முதலில் போவது ஜாக்கெட் தொங்குகிற மூலைக்கு. எங்களுக்கு அது வருடம் முழுவதும் வேண்டும். அந்த 17 துணியில் ஏழு, ஜாக்கெட்டும் ஸ்வெட் ஷர்ட்டும்தான். ஆனால் கோவைக்காரர்கள் அந்த மூலையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். எத்தனையோ தடவை அங்கே நானும் மகளும் மட்டும் நின்றிருக்கிறோம். "கூட்டமே இல்ல, நிதானமா எடுக்கலாம்" என்று சந்தோஷப்பட்டேனே தவிர, இங்கே ஏன் யாரும் இல்லை என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்று சனிக்கிழமை. பள்ளி விடுமுறையில்தான் மலையிறங்க முடியும். நான் பார்த்த கூட்டமெல்லாம் சனிக்கிழமைக் கூட்டம், அதிலும் சம்பளம் வந்த முதல் சனிக்கிழமைக் கூட்டம். பில்லிங் கவுன்டரில் அரை மணி நேரம் நின்றதை நிறுவனத்தின் பலம் என்று எடுத்துக்கொண்டேன். ஊட்டியில் மே மாதம் சேரிங் கிராஸில் நிற்கிற வண்டிகளை எண்ணிவிட்டு, ஜூலையிலும் இந்த ஊர் இப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? நம் ஊர் விஷயத்தில் தெளிவாகத் தெரிகிற இது, அந்தக் கடைக்குள் நின்றபோது எனக்குத் தோன்றவில்லை.

பங்கு முதலில் ஏறத்தான் செய்தது. ஒரு கட்டத்தில் 560 வரை போனது. லாக்டவுன் முடிந்து ஜனங்கள் கல்யாணம், விசேஷம், அலுவலகம் என்று வெளியே வந்த நேரம் அது. இரண்டு வருடம் வாங்காத துணியைச் சேர்த்து வாங்கினார்கள். எந்தத் துணிக்கடையாக இருந்தாலும் அந்த வருடம் விற்பனை கூடியிருக்கும். நான் அதை என் கணிப்பின் வெற்றி என்று நம்பினேன். ஆசிரியர் அறையில் இரண்டு பேருக்கு அதே பங்கை வாங்கச் சொல்லவும் செய்தேன். ஒருவர் வாங்கினார். அது இப்போதும் என் மனதை உறுத்துகிறது.

2022-இல் பருத்தி விலை ஏறிய விதத்தை நம் பக்கத்தில் எல்லாரும் பார்த்தோம். அந்த மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை தாங்காமல் திருப்பூர்க்காரர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். செய்தியைப் படித்தேன். என் பங்குக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கவில்லை. திருப்பூரில் நூல் விலை ஏறினால், சில மாதம் கழித்து ஹேங்கரில் தொங்குகிற சட்டையில் இரண்டில் ஒன்று நடக்கும். விலை ஏறும், அல்லது துணி மெலியும்.

துணி மெலிந்தது. 2023 ஜனவரியில் நாங்கள் போனபோது மகள் ஒரு குர்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அம்மா, விரல் தெரியுது" என்றாள். எம், எல் அளவுகள் இல்லை. ஓரத்து அளவுகள்தான் மிச்சம் இருந்தன. போன தீபாவளிக்குப் பார்த்த அதே பூப்போட்ட டிசைன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. முன்பு வாங்கிய கறுப்பு பேண்ட் இரண்டு சலவையில் சாம்பல் நிறமாகிவிட்டிருந்ததை வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தினார். அன்று முதல் முறையாக அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்தோம். அடுத்த தடவை மகள் வேறு கடைக்குக் கூட்டிப் போனாள். அதற்கப்புறம் நாங்கள் அங்கே போகவே இல்லை.

அன்றைக்குப் பங்கின் விலை 505. விற்றிருந்தால் 13,950 ரூபாய் லாபம். நான் விற்கவில்லை. விற்கலாமா என்ற யோசனையே வரவில்லை. வாங்கும்போது என் ஷாப்பிங் பழக்கத்தை அவ்வளவு பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டவள், அதே பழக்கம் மாறியபோது அதைக் கேட்கவில்லை. வாடிக்கையாளராக 2023 ஜனவரியில் விலகிவிட்டேன். பங்குதாரராக விலக 2024 பிப்ரவரி ஆகிவிட்டது. நடுவில் இருந்த அந்தப் பதின்மூன்று மாதம்தான் என் நஷ்டம்.

எனக்குத் துணி வியாபாரத்தைப் புரிய வைத்தவர், குன்னூர் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிற பாய். இருபது வருடப் பழக்கம். விற்று முடித்த அந்த வாரம், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் விலை கேட்கப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு மூட்டையைக் காட்டினார்.

"டீச்சர், இது லூதியானா சரக்கு. நூறு பீஸ் எடுத்தேன், பீஸ் முந்நூத்தம்பது. முப்பத்தஞ்சாயிரம் கைய விட்டுப் போச்சு. அறுநூறு ரூபாய்க்கு அறுபது பீஸ் வித்துட்டேன். முப்பத்தாறாயிரம் வந்துருச்சு. இப்ப சொல்லுங்க, என் லாபம் எங்க இருக்கு?"

நான் கல்லாப்பெட்டியைப் பார்த்தேன். அவர் மூட்டையைத் தட்டினார்.

"இதுக்குள்ள இருக்கு. இந்த நாப்பது பீஸுதான் என் லாபம். இது வித்தாத்தான் கடை வாடகை, பையன் சம்பளம் எல்லாம். அடுத்த வருஷம் வரைக்கும் வச்சிருந்தா ஸ்வெட்டர் கெட்டுப் போகாது, ஆனா டிசைன் கெட்டுப் போயிரும். முந்நூறுக்குத் தள்ளணும். கூட்டம் வேற, கல்லா வேற டீச்சர். வர்றவங்க எல்லாம் எடுத்துப் பார்ப்பாங்க. சீசன் முடியறப்ப மூட்டை எவ்வளவு மிஞ்சுதுன்னு பாருங்க."

வீட்டுக்கு வந்து அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை முதல் தடவையாகத் திறந்தேன். நிறுவனத்திடம் என்ன இருக்கிறது, எவ்வளவு கடன் என்று காட்டுகிற இருப்புநிலைக் குறிப்பில் 'இன்வென்டரி' என்று ஒரு வரி. பாயின் மூட்டைதான் அது. என்னிடம் பங்கு இருந்த காலத்தில், விற்பனை ஏறிய வேகத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் அந்த வரி ஏறியிருந்தது. விற்காத துணி கிடங்கில் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. நான் பார்த்த அந்தப் பழைய பூப்போட்ட டிசைன் அதன் ஒரு துளி. கடைக்குள் என் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அறிக்கையில் எந்த வரியோடு அதைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தள்ளுபடியைப் பற்றியும் அப்போதுதான் புரிந்தது. ஜனவரியிலும் ஜூலையிலும் வருகிற சீசன் கடைசி சேல் எல்லாக் கடைக்கும் உண்டு, அது வழக்கம். ஆனால் நாங்கள் போன கடையில் 2022 டிசம்பர் நடுவிலேயே '50 சதவீதம் வரை' பலகை வந்துவிட்டது. வாடிக்கையாளராக எனக்குக் கொண்டாட்டம். பங்குதாரராக நான் கவலைப்பட்டிருக்க வேண்டிய நாள் அது. வரியை விட்டுவிட்டு ஒரு கணக்குக்குப் பார்த்தால், 999 ரூபாய்ச் சட்டைக்குக் கொள்முதல் 450, கடை வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 350 என்று வையுங்கள். முழு விலைக்கு விற்றால் 199 ரூபாய் நிற்கும். 30 சதவீதம் குறைத்தால் விலை 699. அப்போது சட்டைக்கு 101 ரூபாய் கையிலிருந்து போகிறது. எனக்கு மிச்சமான 300 ரூபாய், பங்குதாரர்களின் பையிலிருந்து வந்தது. அந்தப் பையில் என்னுடையதும் ஒன்று.

புதுக் கடைகள் திறக்கிற விஷயத்திலும் ஏமாந்தேன். வருடா வருடம் விற்பனை கூடுகிறது என்ற செய்தியை மட்டும் படித்தேன். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மாலையில் எடை போடும்போது மொத்தக் கொழுந்து கூடியிருந்தால், அப்பா ஒன்று கேட்பார்: ஆள் கூடினதால் எடை கூடியதா, ஒவ்வொரு ஆளின் எடையும் கூடியதா? கடைக்கும் அதே கேள்விதான். போன வருடம் நூறு கடை, கடைக்கு ஐந்து கோடி, மொத்தம் 500 கோடி விற்பனை. இந்த வருடம் 130 கடை, மொத்தம் 600 கோடி. 20 சதவீத வளர்ச்சி என்று செய்தி வரும். பிரித்துப் பார்த்தால், புதிய முப்பது கடைகள் தலா நான்கு கோடி விற்று 120 கோடி. பழைய நூறு கடைகள் விற்றது 480 கோடிதான். போன வருடம் விற்றதைவிடக் குறைவு. பழைய கடைகளை மட்டும் தனியே ஒப்பிடுகிற கணக்கை 'சேம் ஸ்டோர்' வளர்ச்சி என்கிறார்கள். பல நிறுவனங்கள் முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கிற விளக்கக் காட்சியில் இது இருக்கும். ஒரு காலாண்டில் கொடுத்துவிட்டு அடுத்த காலாண்டில் கொடுக்காமல் விட்டால், அதையே ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளலாம்.

நான் கொடுத்த விலை பற்றிச் சொல்லவும் வேண்டும். நான் வாங்கிய நாளில், முந்தைய ஒரு வருடத்தில் நிறுவனம் பங்கு ஒன்றுக்குச் சம்பாதித்தது நான்கரை ரூபாய். நான் கொடுத்தது 412. ஏறத்தாழ 92 வருட லாபத்தை முன்கூட்டியே கொடுத்திருக்கிறேன். 999 ரூபாய்ச் சட்டையை 899-க்கு எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிறவள் நான். பங்கு விஷயத்தில் விலை அதிகமா குறைவா என்று கேட்கவே இல்லை. சட்டைக்கு விலை மலிவாகத் தெரிந்ததால், பங்கும் மலிவு என்று மனசு எப்படியோ முடிச்சுப் போட்டுக்கொண்டது.

விலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு, எல்லாருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் டாடா குழுமத்தின் டிரென்ட். 2016-இல் தொடங்கிய ஜூடியோ கடைகள் அவர்களுடையவை. மகளும் அவள் தோழிகளும் அந்தக் கடைக்குத்தான் மாறினார்கள். அந்தப் பங்கு சில வருடங்களில் பல மடங்கு ஏறி, 2024 அக்டோபரில் 8,000 ரூபாயைத் தாண்டியது. 2025 ஏப்ரலில் 5,000-க்குக் கீழே இறங்கியது. இந்த ஆறு மாதத்தில் ஜூடியோவில் கூட்டம் குறைந்ததாக என் மகள் சொல்லவில்லை. கடை அப்படியேதான் இருந்தது, விற்பனையும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. இன்னும் வேகமாக வளரும் என்று நம்பி ஜனங்கள் கொடுத்திருந்த விலைதான் இறங்கியது. அதை எந்த டிரையல் ரூம் வரிசையிலும் பார்க்க முடியாது.

கடனையும் பார்க்க முடியாது. 2001-இல் ஆரம்பித்த பிக் பஜாரில் நிற்காத கூட்டமா? அதை நடத்திய ஃப்யூச்சர் ரீடெயில் மீது 2022 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. அதற்குச் சில மாதம் முன்பே பல கடைகள் ரிலையன்ஸ் கைக்குப் போய்விட்டன. கடன் மலை போல் இருந்தபோது வந்த லாக்டவுனை நிறுவனத்தால் தாங்க முடியவில்லை. கடைக்குள் தள்ளுவண்டியோடு நின்றவருக்கு எந்த அலமாரியிலும் அந்தக் கடன் தென்பட்டிருக்காது. கடன் கொடுத்தவர்களுக்கே முழுதாகக் கிடைக்காதபோது, பங்கு வைத்திருந்தவர்களுக்கு என்ன மிஞ்சும்?

இப்போது என்ன செய்கிறேன் என்றால், கடையைப் பார்ப்பதை விடவில்லை. விடவும் கூடாது என்று நினைக்கிறேன். எந்தத் துணி சாயம் போகிறது, எந்தக் கடையில் அளவு கிடைப்பதில்லை என்பதை, சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறவரைவிட ஒரு குடும்பத் தலைவி முன்பே கண்டுபிடிக்கிறாள். எங்கள் வீட்டில் 2023 ஜனவரியில் தெரிந்தது, பங்கு விலையில் தெரிய ஒரு வருடம் ஆனது. ஆகையால் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுகிறேன். சேல் பலகை என்றைக்கு வந்தது, எந்த அளவு இல்லை, பழைய டிசைன் எவ்வளவு, கடைக்குள் வந்தவர்களில் பையோடு வெளியே போனவர்கள் எத்தனை பேர். உள்ளூர் விடுமுறை கிடைத்தால் செவ்வாய், புதன் என்று ஒரு வேலை நாள் காலையில் போகிறேன். மதுரையில் இருக்கிற நாத்தனார், ஓசூரில் வேலைக்குப் போகிற மகள், இருவரிடமும் அவர்கள் ஊர்க் கிளை எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். மலைக்குத் தேவைப்படுவதை ஊருக்கெல்லாம் தேவை என்று நினைத்த தப்பு இதில் கொஞ்சம் குறைகிறது.

அப்புறம் அறிக்கைகள். பங்குச் சந்தைகளின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவு வந்துவிட வேண்டும், மார்ச் முடிவுக்கு மட்டும் 60 நாள். நான் கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆன விஷயம், துணிக்கடைக்கு ஒரு காலாண்டை அதற்கு முந்தைய காலாண்டோடு ஒப்பிடக் கூடாது என்பது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தீபாவளி, கல்யாணம், வடக்கே குளிர் எல்லாம் சேர்ந்து வரும். அதைப் போன வருடத்து அதே மூன்று மாதத்தோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். பூஜைப் பண்டிகை ஒரு வருடம் செப்டம்பரிலும் மறு வருடம் அக்டோபரிலும் விழுந்தால் அந்த ஒப்பீடும் ஆடும். வடக்கே குளிர் தாமதமானால் கம்பளித் துணி தேங்கும். லூதியானாவிலிருந்து பாய்க்கு வருகிற தொலைபேசிப் பேச்சில் இது எனக்குச் சில சமயம் முன்கூட்டியே கிடைக்கிறது.

இன்னொரு விஷயத்திலும் கவனம் வேண்டும். 2019 ஏப்ரலில் கணக்குமுறை மாறியதிலிருந்து, கடை வாடகையில் பெரும் பகுதி 'வாடகை' என்ற பெயரில் வருவதில்லை. தேய்மானம், வட்டி என்று கீழே போய்விடுகிறது. அதனால் இவற்றைக் கழிப்பதற்கு முன்பு மேலே காட்டுகிற செயல்பாட்டு லாபம் கொழுத்துத் தெரியும். துணிக்கடைக்கு வாடகை பெரிய செலவு. எனவே கடைசி வரியில் நிற்கிற நிகர லாபத்தையும், வியாபாரத்திலிருந்து உண்மையில் கைக்கு வந்த பணத்தையும் சேர்த்தே பார்க்கிறேன்.

வரி மாறினாலும் கடை மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18. முன்பு ஆயிரம் ரூபாய்தான் எல்லையாக இருந்தது, அதைத் தாண்டினால் 12. அதனால் ஒரு கடையின் விலை அட்டைகள் பெரும்பாலும் எந்தப் பக்கம் விழுகின்றன என்பதை இப்போது எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டினேன். கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால், நீண்டகால மூலதன நஷ்டத்தை எட்டு வருடம் வரை முன்னே கொண்டுபோய் நீண்டகால லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆசிரியர் அறையில் என் பேச்சைக் கேட்டு வாங்கியவரிடம் இதைச் சொல்லி, அவர் படிவத்தை நிரப்பவும் உதவினேன். அதற்கப்புறம் யாருக்கும் பங்கின் பெயர் சொல்வதில்லை. சேமிப்பில் பெரும் பகுதி இப்போது, சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லா நிறுவனங்களிலும் பிரித்துப் போடுகிற குறியீட்டு ஃபண்டில் மாதாமாதம் போகிறது. ஒரு தனிப் பங்கில் மொத்தச் சேமிப்பில் ஐந்து சதவீதத்துக்கு மேல் வைப்பதில்லை.

ஒரு துணிக்கடை நிறுவனத்தை நான்கு காலாண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் வாங்கவில்லை. கடை எனக்கும் மகளுக்கும் ரொம்பவே பிடித்திருக்கிறது. அதனாலேயே கூடுதல் ஜாக்கிரதை. போன மாதம் ஓசூர்க் கிளையில் சேல் பலகை வைத்த அன்றே மகள் படம் எடுத்து அனுப்பினாள். போன வருடத்தைவிட ஒன்பது நாள் முன்னதாக வந்திருக்கிறது. நோட்டில் எழுதிக்கொண்டேன். டிசம்பர் காலாண்டு முடிவில் சரக்கு இருப்பின் முழுத் தொகை வராது. இருப்புநிலைக் குறிப்பு செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும்தான் வெளியாகும். மூட்டை எவ்வளவு மிஞ்சியது என்று தெரிய மே மாதக் கடைசி ஆகிவிடும். அப்போது எங்கள் ஊர் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சிக் கூட்டம் இருக்கும், பாய் கடையில் நிற்க இடம் இருக்காது. அது வரைக்கும் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.